எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்
பதில் தருபவர்: கொழும்பில் சிறுவர் வார்டுகளில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி

அன்புள்ள மிஸி அம்மா,

நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். போன வருடம் ஆனி மாதம் டெங்குக் காய்ச்சலில் என் மகன் போய்விட்டான். ஒன்பது வயது, தரம் 4. காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே டொக்டரிடம் காட்டினோம். இரத்தம் சோதித்துவிட்டு, இப்போதைக்குப் பிரச்சினை இல்லை என்றார். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எழும்பி இருந்து கஞ்சி குடித்தான். ரீ.வி. ரிமோட்டுக்காகத் தங்கச்சியோடு சண்டையும் பிடித்தான். அன்று இரவுதான் நான் கண்ணை மூடினேன். விடிய எழும்பிப் பார்த்தால் கையும் காலும் சில்லிட்டுப் போயிருந்தது. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். அடுத்த நாள் ஐ.சி.யு.வில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இரவு நான் நித்திரை கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவருக்குப் புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை. செத்தவீட்டுக்குப் பிறகு இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. மகனைப் பற்றிக் கதை எடுத்தால் எழும்பிப் போய்ச் செய்தி போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கட்டுக்குப் போனால் இப்போதும் நாலு மாம்பழம் வாங்கி வருகிறார். ஒன்று எப்படியும் பழுதாகிப் போகிறது. சொன்னாலும் கேட்பதில்லை.

மாமி எங்களோடுதான் இருக்கிறா. புத்தகப்பையையும் உடுப்புகளையும் யாருக்காவது கொடுத்துவிடு, வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்கிறா. நீ அழுதுகொண்டே இருந்தால் பிள்ளையின் ஆத்மா போகமாட்டாமல் அலையும் என்கிறா. இன்னொன்றைப் பெற்றால் எல்லாம் சரிவரும் என்கிறா.

இந்த முறை அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். அந்த அம்மாமாரின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். முடிவு வந்த அன்று ஒவ்வொருவரும் புள்ளியும் கேக் படமும் போடப் போட, நான் போனைக் கையில் பிடித்தபடி குளியலறைக்குள் இருந்தேன். குழுவை விட்டு விலகினால் பொறாமை என்று நினைப்பார்களோ?

லிஃப்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்கள். ஒன்று என்றால் அவனுக்குத் துரோகம் செய்தது போல இருக்கிறது. இரண்டு என்றால், என்ன படிக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

மகளுக்கு ஆறு வயது. உடம்பு சுட்டாலும் சொல்லாமல் மறைக்கிறாள். அண்ணா பார்க்கும் சானலை இப்போது போடுவதே இல்லை.

ஒரு வருட ஆட்டைத் திவசம் முடிந்தால் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு இப்போதுதான் கூடுகிறது. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று எங்கோ வாசித்தேன். நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. சில நேரம் அவனிடமே போய்விட்டால் என்ன என்றும் நினைப்பு வருகிறது. எனக்கு மனநிலை சரியில்லையா?

– ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள மகள்,

கடிதத்தில் மகனின் பெயரை எழுதியிருந்தீர்கள். இதழில் போட வேண்டாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அதனால் இங்கே தம்பி என்றே எழுதுகிறேன்.

அவனிடமே போய்விட்டால் என்ன என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அவனை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான் பெரும்பாலும் அப்படி வெளியே வருகிறது. சொன்னதற்கு வெட்கப்பட வேண்டாம். சொன்னது மிக நல்லது. ஆனால் அந்த நினைப்பு எப்படி, எப்போது என்று போகத் தொடங்கினால், அல்லது சின்னவளை யாரிடம் விடுவது என்று மனம் ஒழுங்கு பண்ணத் தொடங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். 1926 என்பது அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். நடுச்சாமத்திலும் எடுக்கலாம். 1333க்கும் அழைக்கலாம், காசு போகாது. நேரில் ஒருவர் முன்னால் இருந்து பேச வேண்டும் என்றால் ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ராயோ இருக்கிறது. மனம் உடைந்து வருகிறவர்களின் கதையைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே 1974இல் தொடங்கிய இடம் அது. உங்களுக்குத் தனியாகவும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இந்த இதழ் கைக்கு வரும்வரை பார்த்திருக்காமல் அதற்குப் பதில் போடுங்கள்.

இனி அந்த நான்காம் நாள் இரவு.

டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் கொதிக்கும்போது வருவதைவிடக் காய்ச்சல் இறங்கும்போதுதான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அந்த நேரம் வரும். இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேரத் தொடங்கும். வெளியே பார்த்தால் பிள்ளைக்குச் சுகம்தான். நெற்றி சுடாது, எழும்பி இருக்கும், பசிக்குது என்றும் சொல்லும். நாடி பிடித்தால் நூல் போல ஓடும், ஆனால் பிள்ளை நம்மோடு தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும். இதை வார்டில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். இரண்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் பிளேட்லெட் குறையாமல் இருப்பதும் வழக்கம். திரும்பத் திரும்ப ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறோம் என்று தாய்மார் எங்களைக் கோபிப்பார்கள். ஒரு தரம் பார்த்துப் பிடிபடாத நோய் என்பதால்தான் அப்படிச் செய்கிறோம்.

2017ஆம் ஆண்டு இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்த மாதங்களில் காய்ச்சல் விட்டிட்டுது மிஸி, வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டோ என்று கேட்காத தாயை நான் காணவில்லை. அவர்களில் ஒருத்தி டொக்டர். தன் பிள்ளையின் நெற்றி குளிர்ந்ததும் அவவும் ஒரு தாயாகத்தான் அதைப் பார்த்தா.

ஒரு நாள் முந்திக் கொண்டுபோயிருந்தால் தம்பி பிழைத்திருப்பானா? பிழைத்திருப்பான் என்றோ மாட்டான் என்றோ நான் அடித்துச் சொன்னால் அது பொய். முதல் நாளே வந்து எங்கள் கைக்குள் இருந்தே போன பிள்ளைகளும் உண்டு, கடைசி நேரத்தில் வந்து எழும்பி நடந்துபோன பிள்ளைகளும் உண்டு. எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நாலு நாள் காவல் இருந்து, டொக்டரிடம் காட்டி, இரத்தம் பார்த்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, பிள்ளை சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெளிந்துவிட்டான் என்று கண்ட பிறகுதான் நீங்கள் படுத்தீர்கள். அடுத்த நாள் தெரிய வந்ததை வைத்துக்கொண்டு முதல் நாள் இரவுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். அந்த இரவு உங்களுக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டுதான் அந்த இரவை எடைபோடலாம். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வார்டில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

(மற்றத் தாய்மாருக்கும் ஒரு சொல். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளைக்கு வயிற்று நோ, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், தூங்கித் தூங்கி விழுதல், இவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழக்கமான பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.)

இப்போது உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் எழுதியதையே திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள் மகள். மாமிக்கு மாம்பழம் ஆகுமா ஆகாதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நாலு என்பது தம்பி இருந்த காலத்துக் கணக்கு என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. இப்போதும் நாலு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணியையும் குழாயையும் நாள் முழுதும் எண்ணிக் கொடுக்கிற மனிதருக்கு மாம்பழக் கணக்கா பிழைக்கும்? வீட்டில் அவர் வாய் திறக்காத விஷயம் மார்க்கட்டில் அவருடைய பைக்குள் போய்விடுகிறது. அவருக்கு அழுகை அங்கேதான் இருக்கிறது.

பழுதாகிறது என்று இனிச் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு நாலையும் வெட்டுங்கள். இது தம்பியின்ர என்று ஒரு சொல் சொல்லி, அந்தப் பழத்தை அவருக்கும் சின்னவளுக்கும் பிரித்து வையுங்கள். அவர் எழும்பிப் போய்ச் செய்தி போட்டால் போடட்டும். எங்கள் ஆண்களை முன்னால் இருத்தி முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் வாய் வராது. பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் கூட்டிக்கொண்டு நடங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடக்கும்போது எத்தனையோ தகப்பன்மார் வாய் திறந்திருக்கிறார்கள்.

1999இல் நெதர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். இழந்தவர் சில நேரம் துக்கத்துக்குள் முழுகி இருப்பார், சில நேரம் வேலை, வீடு, காசு என்று அதைவிட்டு வெளியே நிற்பார், இரண்டுக்கும் இடையில் போய்வருவதுதான் இயல்பு என்றார்கள். ஒரே வீட்டில் நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் அவர் வெளியே நிற்கிறார். அவர் உள்ளே போகும் நேரம் நீங்கள் மகளின் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதனால் இவருக்குப் பாசம் இல்லை என்று நீங்களும், இவளுக்கு வேறு நினைப்பே இல்லை என்று அவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பிள்ளையை இழந்த தம்பதிகள் பெரும்பாலும் பிரிந்துபோவார்கள் என்று சிலர் பயப்படுத்துவார்கள். அப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

அந்த ஐந்து படிகளை விட்டுவிடுங்கள். 1969இல் ஒரு மனநல மருத்துவர், தாங்கள் சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளர்களோடு பேசிப் பார்த்து எழுதியது அது. பிறகுதான் உறவை இழந்தவர்களுக்கும் அதையே பொருத்திவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி முடிக்கிற விஷயம் இல்லை இது. நீங்கள் எந்தப் படியிலும் பிந்தி நிற்கவில்லை.

இரண்டாம் வருடம் ஏன் கூடுகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று எங்கள் சடங்குகள் நாள் குறித்து ஆட்களை வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. ஒருவர் சோறு வடிப்பார், ஒருவர் ஐயரைக் கூட்டி வருவார், ஒருவர் பிள்ளையின் படத்துக்கு மாலை வாங்குவார். ஆட்டை முடிந்த பிறகு உங்கள் கதவைத் தட்ட ஊருக்கு ஒரு சாட்டு இல்லை. முதல் வருடம் மரத்துப்போயிருந்த மனம் விழிக்கிற நேரத்தில் வீட்டில் ஆளும் இல்லை. இதைப் பல தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நீங்களே ஒரு சாட்டை உண்டாக்குங்கள். தம்பியின் பிறந்தநாளுக்கு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவனோடு படித்த இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். வந்தவர்களிடம் அவனைப் பற்றிக் கேளுங்கள். வகுப்பில் அவன் செய்த ஏதாவது ஒரு குழப்படியை நீங்கள் முதல்முறை கேட்கக் கூடும்.

மாமியைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு அவ மேல் கோபம் வரவில்லை. தூக்கி வளர்த்த பேரன் அவன். அந்தப் பையைத் தாண்டி அறைக்குப் போக அவவுக்கும் முடியவில்லை. பையை வரவேற்பறையில் இருந்து எடுத்து உங்கள் அலுமாரிக்குள் வையுங்கள். கொடுக்க வேண்டாம். உடுப்பில் அவனுடைய வாசம் இருந்தால் தோய்க்காமல் ஒரு பொலித்தீன் பைக்குள் காற்றுப் போகாமல் கட்டி வையுங்கள். பழுப்புத் தாள் உறை போட்டு, நீங்கள் உங்கள் கையால் பெயர் எழுதி ஒட்டிய கொப்பிகள் பைக்குள் இருக்குமே, ஒரு நாள் மாமியைப் பக்கத்தில் இருத்தி அதில் ஒன்றைத் திறந்து காட்டுங்கள். சுற்றாடல் கொப்பி என்றால் படம் கீறியிருப்பான். இரண்டு வருடம் கழித்தோ பத்து வருடம் கழித்தோ உங்களுக்கே கொடுக்க மனம் வந்தால் அப்போது கொடுக்கலாம். கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது.

அழுதால் ஆத்மா அலையும் என்று அவவுக்கும் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். செத்தவீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுத பரம்பரை நாங்கள். அழுகைக்கு ராகமும் சொல்லும் வைத்திருந்த சனத்துக்கு எப்போது இந்தப் பயம் வந்தது? என்னுடைய வார்டுகளில் எல்லாச் சமயத்துத் தாய்மாரும் இருந்தார்கள். நபிகள் நாயகம் தன் பச்சைக் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார் என்று ஒரு முஸ்லிம் தகப்பன் எனக்குச் சொன்னார். தன் சிநேகிதன் லாசரு செத்தபோது இயேசு அழுதார் என்பது உங்கள் கிறிஸ்தவச் சிநேகிதிகளுக்குத் தெரியும். நீங்கள் அழுங்கள். தம்பிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இன்னொரு பிள்ளை வேண்டுமா என்பது நீங்களும் அவரும் பேசி முடிவெடுக்கிற விஷயம். அதை மாமியிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வேண்டும் என்று தோன்றினால் பெறுங்கள், ஆனால் தம்பியின் இடத்தை நிரப்ப என்று பெறாதீர்கள். வருகிற பிள்ளைக்கு அது பெரிய சுமை.

வாட்ஸ்அப் குழுவை விட்டு இன்றைக்கே விலகலாம். சும்மா மறைந்து போகாமல் நாலு வரி போடுங்கள்: “பிள்ளைகள் எல்லாருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். எனக்கு இப்போது இந்தக் குழுவில் இருக்க முடியாமல் இருக்கிறது. தம்பியின் சிநேகிதர்களைப் பார்க்க ஆசைதான், தனியாக எடுங்கள்.” பொறாமை என்று ஒருத்தியும் நினைக்கமாட்டாள். பாதிப் பேர் படம் போடும்போதே உங்களை நினைத்துத் தயங்கியிருப்பார்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். அவனுடைய வகுப்பு சாதாரண தரம், உயர்தரம் என்று ஏற ஏற, இப்படியான நாள்கள் திரும்ப வரும். அந்தந்த வருடம் வரும்போது முன்கூட்டியே ஒரு சிநேகிதியிடம் சொல்லி, அன்றைக்குத் தனியே இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவளைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த இரண்டு வரிதான். ரிமோட்டுக்காகச் சண்டை பிடித்தாள், விடிய அண்ணா ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரவில்லை. தான் சண்டை பிடித்ததால்தான் அண்ணா போனான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். ஆறு வயதில் பிள்ளைகள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். கேட்டால் சொல்லமாட்டாள். அதனால் அவள் கேட்காமலே நீங்கள் சொல்லுங்கள்: “அண்ணாவோட நீ சண்டை பிடிச்சதால அண்ணா சாகேல்ல. நுளம்பு கடிச்சு வந்த வருத்தத்தால செத்தவர். நீ ஒண்டும் செய்யேல்ல.” செத்துப்போனார் என்ற சொல்லையே சொல்லுங்கள். நித்திரை கொள்கிறார் என்றால் அவளுக்கு இரவில் படுக்கப் பயம் வரும். நல்ல பிள்ளைகளைச் சாமி கூப்பிட்டுக்கொள்வார் என்றால் நல்ல பிள்ளையாக இருக்கப் பயம் வரும். அப்புறம் காய்ச்சல். உங்கள் முகத்தில் வரும் பயத்தைப் பார்த்துத்தான் அவள் மறைக்கிறாள். உடம்பு சுட்டால் உடனே அம்மாவிடம் சொன்னால் கெதியாகச் சுகப்படுத்தலாம், டெங்கு வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் சுகமாகி வீட்டுக்கு வருகிறார்கள் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. வகுப்பு ரீச்சருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

இனி லிஃப்டில் வருகிற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மூத்த ஒரு அக்கா நாலு வயதில் வயிற்றோட்டத்தில் போய்விட்டா. நான் பிறக்க முந்தி நடந்தது, நான் அவவைக் கண்டதில்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் எங்கள் அம்மா சொல்கிற பதில் ஒன்றுதான்: “எனக்கு அஞ்சு. நாலு பேர் இருக்கினம்.” குரல் இறங்காது, முகமும் மாறாது. கேட்டவர் தடுமாறி நின்றால், தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டு அம்மாவே அவரைக் கரைசேர்த்துவிடுவா. அம்மா அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்கு ஒரு அக்கா இருந்தா. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது நாங்கள் எல்லாரும் அவவின் பெயரையும் சேர்த்தே சொல்லி வளர்ந்தோம். அதே அம்மா, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் கேட்டால் நாலு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு யன்னலைப் பார்ப்பா. இறங்கிப் போகிற ஆளுக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை என்று அவவுக்குத் தெரியும்.

நீங்களும் அப்படியே செய்யலாம். இனித் தினமும் முகம் பார்க்கப்போகிற அயலவர் என்றால், “ரெண்டு பேர். மூத்தவர் போன வருசம் தவறிட்டார். சின்னவ தரம் ஒண்டு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். வீட்டில் இரண்டொரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், முதல் தடவை தொண்டை அடைக்கும். ஓட்டோக்காரர் கேட்டால் ஒன்று என்று சொல்லலாம். அன்றைக்கு உங்களுக்குத் தெம்பு இல்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. துரோகம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

மருத்துவ உதவி எப்போது தேவை என்றும் சொல்ல வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நீண்டு தொடரும் துக்கம் என்ற நிலை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் ஆறு மாதம் என்று ஓர் அளவு இருக்கிறது, கூடவே அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. பிள்ளையை இழந்த தாய் பதினான்காம் மாதம் அழுவது நோய் இல்லை. ஆனால் காலையில் எழும்ப முடியாமல், சமைக்க முடியாமல், சின்னவளின் தலையை வாரிவிடவும் கை வராமல் கிழமைக்கணக்கில் போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து மட்டும்தான் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். இந்தத் துக்கத்துக்கென்றே பேசி ஆற்றும் முறைகள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ஒரே ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோன இரண்டு சிறுவர்களின் பெற்றோர் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். தன்னால் கொடுக்க முடியாத ஆறுதலை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுப்பதை அங்கே வேலை செய்த இளம் பாதிரியார் ஒருவர் கண்டார். கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது, இன்றைக்குப் பல நாடுகளில் இருக்கிறது. உங்களைப் போலவே ஒரு மகனை இழந்த தாய் ஒருத்தி பம்பலப்பிட்டியில் இருக்கிறா. அவவுக்கு இப்போது ஏழாவது வருடம். உங்களோடு பேசச் சம்மதம் என்று சொல்லிவிட்டா. நீங்கள் சரி என்றால் இருவரையும் நான் சேர்த்துவிடுகிறேன். அவவின் மகனின் பெயரை நீங்கள் கேளுங்கள், தம்பியின் பெயரை அவ கேட்பா.

அன்புள்ள மிஸி,

நான் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்கிறவரின் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் மனைவியின் வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஒரு கிழமையில் வேலைக்கு வந்துவிட்டார். இன்னும் வயசு இருக்கு என்று சிலர் சொல்கிறார்கள். கிசாகோதமியின் கதையைச் சொல்லுங்கள், மனம் ஆறும் என்று ஒரு சிங்கள நண்பர் எனக்குச் சொன்னார். நான் என்ன சொல்ல?

– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, அந்தக் கதையை அவருக்குச் சொல்ல வேண்டாம். செத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு, மருந்துக்கு என்று புத்தர் கேட்டபடி சாவு நடக்காத வீட்டில் ஒரு பிடி கடுகு தேடி வீடுவீடாகப் போன தாயின் கதை. எல்லா வீட்டிலும் சாவு உண்டு, ஆகவே வாயை மூடு என்பது போலத்தான் இப்போது அதைச் சொல்கிறார்கள். கதையில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவளுக்குக் கதவு திறந்து, தங்கள் வீட்டில் யார் செத்தார்கள் என்று சொல்கிறார்கள். ஒருவரும் அவளைத் துரத்தவில்லை. நீங்கள் கதவு திறக்கிற ஆளாக இருங்கள், அது போதும்.

இன்னும் வயசு இருக்கு என்பதும் வேண்டாம். எட்டு மாதப் பிள்ளைக்குத் தலைமயிர் இருக்கும், நகம் இருக்கும், தகப்பனின் மூக்கு இருக்கும். அவர் அந்த முகத்தைப் பார்த்திருக்கக் கூடும். மதியச் சாப்பாட்டுக்குத் தனியே கூட்டிக்கொண்டு போய், மகனா மகளா, பெயர் வைத்தீர்களா என்று கேளுங்கள். நினைவுபடுத்திவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அவர் மறக்கவே இல்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அவருடைய மனைவியைப் பற்றி அலுவலகத்தில் ஒருவரும் யோசித்திருக்கமாட்டார்கள். பிள்ளை இல்லாவிட்டாலும் அந்தத் தாய்க்குப் பால் சுரக்கும். பிள்ளை பெற்ற சில நாளிலேயே மார்பு கல்லாகி நோகத் தொடங்கும். இதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாமல் எத்தனையோ பெண்கள் தனியே அழுதிருக்கிறார்கள். ஒரு கிழமை தாண்டிவிட்டதால் அது குறைந்திருக்கலாம். மார்பு சிவந்து காய்ச்சலும் இருந்தால் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். பிள்ளை பெற்ற எந்தத் தாயையும் பார்ப்பது போல அவவையும் மிட்வைஃப் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால் அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) பணிமனைக்குப் போய்ச் சொல்லலாம். அவர் இருக்கிற நிலையில் இதுவெல்லாம் அவருக்குத் தோன்றாது, நீங்கள் கூடப் போங்கள். உங்கள் வீட்டில் சமைக்கிறவர்களிடம் சொல்லி இரவுச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். பாத்திரத்தைத் திருப்பித் தர அவர்கள் அலையாதபடி பார்சலாகவே கட்டுங்கள்.